ஆங்கிலப் பெயரடை எங்கே இடறுகிறது? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

நீங்கள் எழுதிய ஆங்கில வாக்கியம் ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். வேலை விண்ணப்பமாக இருக்கலாம், அலுவலக மின்னஞ்சலாக இருக்கலாம். ஏதோ இடறுகிறது, எங்கே என்று பிடிபடவில்லை என்றால் கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பார்த்து நேராக அங்கே போய்விடுங்கள். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

பல ஆண்டுகளாக மாலை வேளைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பெயரடையில், அதாவது அட்ஜெக்டிவில், என் மாணவர்கள் செய்யும் பிழைகள் பெரும்பாலும் கவனக்குறைவால் வருவதில்லை. தமிழில் பழுதே இல்லாத ஒரு வாக்கியம் அப்படியே ஆங்கில உடை உடுத்தி வந்திருக்கும். ஆகவே விதியை உருப்போடுவதைவிட, பிழைக்குப் பின்னால் நிற்கும் தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிப்பதே குறுக்குவழி. ஒவ்வோர் இடத்திலும் அதைத்தான் முதலில் தேடப்போகிறோம்.

அறிகுறி: ‘ஐ ஆம் வெரி டென்ஷன்’ என்று வருகிறது

இதே வீட்டைச் சேர்ந்தவை: ‘ஹெல்மெட் இஸ் வெரி சேஃப்டி’, ‘ஷீ இஸ் கான்ஃபிடன்ஸ்’, ‘போத் ஆர் டிஃபரன்ஸ்’.

பின்னால் நிற்கும் தமிழைப் பாருங்கள். ‘எனக்கு ஒரே டென்ஷன்’, ‘ஹெல்மெட் போட்டால் சேஃப்டி’, ‘அவள் அழகு’, ‘அவன் நல்ல உயரம்’. எல்லாவற்றிலும் வாக்கியத்தை முடித்துவைப்பது ஒரு பெயர்ச்சொல். தமிழில் நல்ல, பெரிய, சிறிய, புதிய, பழைய என்று பிறவியிலேயே பெயரடையாக இருக்கும் சொற்கள் கொஞ்சம்தான். மற்றதையெல்லாம் பெயர்ச்சொல்லோடு ‘ஆன’ சேர்த்துச் செய்துகொள்கிறோம்: அழகு, அழகான, உயரம், உயரமான. வாக்கியத்தின் முடிவில் அந்த ‘ஆன’கூடத் தேவையில்லை, ‘அவள் அழகு’ என்றாலே பொருள் நிறைந்துவிடும்.

ஆங்கிலத்தில் அது நடக்காது. ‘ஷீ இஸ் பியூட்டி’ என்றால் அழகு என்ற பண்பே அவள்தான் என்று கவிதையாகிவிடும். ‘ஆம், இஸ், ஆர்’ என்ற சொற்களுக்குப் பிறகு ஒருவரின் நிலையைச் சொல்ல வேண்டுமானால் அங்கே பெயரடைதான் உட்கார வேண்டும். டென்ஷன் அல்ல, டென்ஸ். சேஃப்டி அல்ல, சேஃப். கான்ஃபிடன்ஸ் அல்ல, கான்ஃபிடன்ட். டிஃபரன்ஸ் அல்ல, டிஃபரன்ட்.

சோதித்துப் பார்க்க: ஐயத்துக்குரிய சொல்லுக்கு முன்னால் ‘ஹேவ்’ போட்டுப் பாருங்கள். ‘ஐ ஹேவ் கான்ஃபிடன்ஸ்’ சரியாக ஒலிக்கிறது. அப்படியானால் அது பெயர்ச்சொல். ‘ஐ ஆம்’ என்பதற்குப் பின்னால் அதை வைக்காதீர்கள். ‘ஐ ஹேவ் கான்ஃபிடன்ட்’ ஒலிக்கவில்லை. அதுதான் ‘ஐ ஆம்’ தேடிக்கொண்டிருந்த சொல். எல்லாச் சொல்லுக்கும் இந்தச் சோதனை பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றாடம் தடுமாற வைக்கும் சொற்களுக்குப் போதும்.

அறிகுறி: கடைசியில் ‘லி’ போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை

‘தி ஃபுட் ஸ்மெல்ஸ் நைஸ்லி’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘ஹீ டிரைவ்ஸ் கேர்ஃபுல்’ என்று இன்னொருவர் எழுதுகிறார். இரண்டும் எதிரெதிர்ப் பிழைகள், வேர் ஒன்றே. அது நம் ‘ஆக’.

‘அவள் அழகாக இருக்கிறாள்.’ ‘அவள் அழகாகப் பாடுகிறாள்.’ இரண்டிலும் ஒரே ‘அழகாக’. முதல் வாக்கியத்தில் அழகு அவளுடையது. இரண்டாவதில் அழகு பாட்டினுடையது. அவள் எப்படி இருக்கிறாள் என்று அந்த வாக்கியம் சொல்லவே இல்லை. தமிழ் இந்த இரண்டையும் ஒரே உருபால் சுமக்கிறது, நமக்குக் குழப்பமும் வருவதில்லை. ஆங்கிலம் இரண்டாகப் பிரிக்கிறது. ஆளையோ பொருளையோ பற்றிச் சொன்னால் பெயரடை: ‘ஷீ இஸ் பியூட்டிஃபுல்’. செயலைப் பற்றிச் சொன்னால் வினையடை: ‘ஷீ சிங்ஸ் பியூட்டிஃபுலி’.

எனவே ‘ஆக’ மனதில் வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தன்மை யாருக்கு? ஆளுக்கா, செயலுக்கா?

சிக்கல் கூடுவது ‘லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், சீம்’ போன்ற வினைச்சொற்களில். இவை செயலைக் குறிப்பதுபோல் தெரிந்தாலும் பல வேளைகளில் ‘இஸ்’ செய்யும் வேலையைத்தான் செய்கின்றன. சாப்பாடு ‘நன்றாக’ மணக்கிறது என்றால், மணக்கும் வேலையை அது திறமையாகச் செய்கிறது என்று பொருளில்லை. சாப்பாடே நன்றாக இருக்கிறது, அதை மூக்கால் அறிகிறோம். ஆகவே ‘தி ஃபுட் ஸ்மெல்ஸ் நைஸ்’.

சோதனை எளிது. வினைச்சொல்லை எடுத்துவிட்டு ‘இஸ்’ வையுங்கள். ‘தி ஃபுட் இஸ் நைஸ்’: பொருள் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அப்படியானால் ‘லி’ வேண்டாம். ‘ஹீ டிரைவ்ஸ்’ என்பதை எடுத்து ‘ஹீ இஸ் கேர்ஃபுல்’ என்று வைத்தால் வண்டியே காணாமல் போய்விடுகிறது. அங்கே ‘கேர்ஃபுலி’.

ஒரே வினைச்சொல் இரண்டு பக்கமும் நிற்கும். ‘ஹீ லுக்ட் ஆங்ரி’ என்றால் அவர் கோபமாகத் தெரிந்தார். ‘ஹீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ’ என்றால் அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். தமிழில் ‘தெரிந்தார்’, ‘பார்த்தார்’ என்று வினை மாறுகிறது, ‘கோபமாக’ மாறவில்லை. ஆங்கிலத்தில் வினை மாறவில்லை, அடை மாறுகிறது. இந்த ஒரு இணையை நன்றாக உள்வாங்கிக்கொண்டால் இந்தப் பகுதியில் பாதி வேலை முடிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். ‘ஃபிரெண்ட்லி, லவ்லி, லோன்லி, எல்டர்லி’ ஆகியவை ‘லி’யில் முடிந்தாலும் பெயரடைகளே. ‘ஹீ ஸ்போக் ஃபிரெண்ட்லி’ என்று எழுதாமல் ‘ஹீ ஸ்போக் இன் எ ஃபிரெண்ட்லி வே’ என்று எழுதுங்கள். அடுத்தது கொஞ்சம் ஆபத்தானது. ‘ஐ வொர்க் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறேன். விதிப்படி ‘லி’ சேர்க்கிறோம் என்று நினைத்து ‘ஹார்ட்லி’யைக் கொண்டுவந்தால் ‘ஏறக்குறைய வேலையே செய்வதில்லை’ என்ற பொருளுக்குப் போய்விடும். ‘லேட்’டும் அப்படித்தான். ‘ஹீ கேம் லேட்’ என்றால் தாமதமாக வந்தார். ‘லேட்லி’ என்றால் அண்மைக் காலமாக.

அறிகுறி: ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்’

விண்ணப்பக் கடிதங்களில் இந்த வரியை எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாகவே இருக்கும். எழுதியவருக்கு அந்த வேலையில் உண்மையான ஆர்வம் இருக்கிறது. ஆனால் கடிதமோ ‘நான் சுவாரசியமான ஆள்’ என்று தொடங்குகிறது. ‘ஐ ஆம் போரிங்’ என்பதும் இதே வகை. எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல வந்தவர், என்னோடு இருந்தால் பிறருக்குச் சலிப்புத் தட்டும் என்று சொல்லிவிடுகிறார்.

இதற்குக் காரணம் நம் பெயரெச்சத்தின் ஓர் அருமையான குணம். ‘பையனைக் கடித்த நாய்’ என்கிறோம். ‘நாய் கடித்த பையன்’ என்கிறோம். இரண்டிலும் ‘கடித்த’ ஒன்றேதான். கடித்தது எது, கடிபட்டது யார் என்பதை ‘ஐ’ உருபும் சுற்றியுள்ள சொற்களும் காட்டிவிடுகின்றன. எச்சம் தன் உருவத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதே இல்லை. ஆங்கிலத்தில் அந்த வேலை அடையின் தலையில் விழுகிறது. கடித்த நாய்க்கு ஒரு வடிவம், கடிபட்ட பையனுக்கு இன்னொரு வடிவம். செய்வதற்கு ‘இங்’, செய்யப்படுவதற்கு ‘எட்’ போன்ற ஈறு.

திருத்தும் வழி: அந்த உணர்வைக் கொடுப்பது எது, வாங்குவது யார் என்று பாருங்கள். பாடம் சலிப்பைக் கொடுக்கிறது: ‘தி லெசன் இஸ் போரிங்’. நான் சலிப்பை வாங்கிக்கொள்கிறேன்: ‘ஐ ஆம் போர்ட்’. வேலை ஆர்வத்தைக் கொடுக்கிறது: ‘தி ஜாப் இஸ் இன்ட்ரஸ்டிங்’. ஆர்வம் எனக்கு: ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டட்’. பயணம் களைப்பைத் தரும், அது ‘டயரிங்’. பயணம் செய்தவர் ‘டயர்ட்’. கேள்வித்தாள் ‘கன்ஃப்யூசிங்’, எழுதியவர் ‘கன்ஃப்யூஸ்ட்’.

மனிதருக்கு ‘எட்’, பொருளுக்கு ‘இங்’ என்று சுருக்கிச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. அதை நம்ப வேண்டாம். ‘ஷீ இஸ் அன் இன்ட்ரஸ்டிங் ஸ்பீக்கர்’ முழுக்கச் சரியான வாக்கியம். அவர் கேட்பவர்களுக்கு ஆர்வத்தைக் கொடுக்கிறார். கொடுப்பதும் வாங்குவதும்தான் கணக்கு.

அறிகுறி: அடை பெயருக்கு முன்னால் அடங்க மறுக்கிறது

தமிழில் பெயரைப் பற்றிய எல்லாமே பெயருக்கு இடப்பக்கம்தான். ‘நேற்று மாலை பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த பெரியவர்’ என்று எவ்வளவு நீளமாகப் போனாலும் பெரியவர் கடைசியில்தான் வருவார். ஆங்கிலத்தில் தனிச்சொல் முன்னால் வரும்; அந்தச் சொல்லுக்கு ஒரு வால் முளைத்துவிட்டால் பெயருக்குப் பின்னால் போய்விடும். ‘எ ஃபுல் பேக்’ சரி. புத்தகங்கள் நிறைந்த பை என்றால் ‘எ பேக் ஃபுல் ஆஃப் புக்ஸ்’. ‘எலிஜிபிள் கேண்டிடேட்ஸ்’ சரி. இந்தப் பதவிக்குத் தகுதியானவர்கள் என்றால் ‘கேண்டிடேட்ஸ் எலிஜிபிள் ஃபார் திஸ் போஸ்ட்’. ‘எலிஜிபிள் ஃபார் திஸ் போஸ்ட் கேண்டிடேட்ஸ்’ என்று எழுதிவிட்டீர்களா? வாலோடு சேர்த்து அப்படியே தூக்கிப் பெயருக்கு வலப்பக்கம் வையுங்கள். வேறெதையும் மாற்ற வேண்டாம்.

‘சம்திங், எனிதிங், சம்படி’ போன்ற சொற்களுக்கு வால் இல்லாவிட்டாலும் அடை பின்னால்தான்: ‘சம்திங் நியூ’, ‘சம்படி இம்பார்ட்டன்ட்’.

இடம் மாறினால் பொருளே மாறிவிடும் சொற்களும் உண்டு. அலுவலகக் கடிதம் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ‘சம்பந்தப்பட்ட அதிகாரி’ என்பதை நாம் ‘தி கன்சர்ன்ட் ஆஃபீசர்’ என்று எழுதிப் பழகியிருக்கிறோம். இந்திய அலுவலகங்களில் அது புரியும். இந்தியாவுக்கு வெளியே படிப்பவருக்கு, பெயருக்கு முன்னால் வரும் ‘கன்சர்ன்ட்’ கவலைப்படுகிற அதிகாரியைத்தான் முதலில் காட்டும். சம்பந்தப்பட்டவர் என்ற பொருளுக்கு ‘தி ஆஃபீசர் கன்சர்ன்ட்’. அதேபோல ‘எ ரெஸ்பான்சிபிள் பர்சன்’ என்றால் பொறுப்பானவர், நம்பலாம். ‘தி பர்சன் ரெஸ்பான்சிபிள்’ என்றால் நடந்ததற்குப் பொறுப்பாளி. பல இடங்களில் குற்றவாளி. ‘தி பிரசன்ட் மெம்பர்ஸ்’ இப்போதைய உறுப்பினர்கள். ‘தி மெம்பர்ஸ் பிரசன்ட்’ கூட்டத்துக்கு வந்திருந்த உறுப்பினர்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதும்போது இந்த வேறுபாடு சின்ன விஷயமில்லை.

‘அட்டர்னி ஜெனரல்’, ‘நோட்டரி பப்ளிக்’, ‘கோர்ட் மார்ஷியல்’ ஆகியவற்றில் அடை ஏன் பின்னால் நிற்கிறது என்று கேட்பார்கள். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு ஆட்சியிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி நெடுங்காலம் கோலோச்சியது. பிரெஞ்சில் அடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும். அந்த வழக்கம் சட்டச் சொற்களில் இன்றும் தங்கியிருக்கிறது. ‘அட்டர்னி ஜெனரல்’ பதவியைச் சொல்லும் நம் அரசியலமைப்பின் 76-ஆம் பிரிவு வரை வந்திருக்கிறது. பன்மை வேண்டுமென்றால் பெயருக்குத்தான் சேர்க்க வேண்டும்: ‘அட்டர்னீஸ் ஜெனரல்’.

அறிகுறி: ‘ஹீ இஸ் டால் தேன் மீ’, அல்லது ‘மோர் பெட்டர்’

தமிழில் ஒப்பிடும் வேலை முழுவதையும் ‘விட’ செய்துவிடும். ‘அவன் உயரம்’, ‘அவன் என்னைவிட உயரம்’: உயரம் அசையாமல் நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘தேன்’ மட்டும் போதாது, அடையும் மாற வேண்டும்: ‘டாலர் தேன் மீ’. இதைத் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த தவறுக்குப் போகிறார்கள். ‘இன்னும் நல்லது’ என்பதில் உள்ள ‘இன்னும்’ என்ற சொல்லுக்காக ஒரு ‘மோர்’ போட்டு ‘மோர் பெட்டர்’ என்பார்கள். ‘பெட்டர்’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்த ‘இன்னும்’ இருக்கிறது.

‘எர்’ சேர்ப்பதா, ‘மோர்’ போடுவதா? ஓரசைச் சொல்லுக்கு ‘எர்’. ‘ஹேப்பி’, ‘ஈசி’ போல ‘ஈ’ ஒலியில் முடியும் ஈரசைச் சொற்களுக்கும் ‘எர்’. மூன்றசையும் அதற்கு மேலும் ‘மோர்’. இடையில் உள்ள சில சொற்கள் இரண்டையும் ஏற்கும். ஐயம் வந்தால் ‘மோர்’ போடுங்கள், பெரும்பாலும் தப்பிவிடலாம்.

‘சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர்’ ஆகியவற்றுக்கு ‘தேன்’ வராது, ‘டு’தான் வரும். இவை லத்தீனில் ஏற்கெனவே ஒப்பீட்டு வடிவங்கள். அந்த ‘இயர்’ ஈறே லத்தீனின் ‘விட’. ‘மோர் சீனியர் தேன் மீ’ வேண்டாம், ‘சீனியர் டு மீ’. அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது ‘மை எல்டர் பிரதர்’ சரி. ஒப்பிடும்போது ‘எல்டர்’ வேண்டாம், ‘ஓல்டர் தேன் மீ’.

அறிகுறி: அடையோடு ‘எஸ்’ ஒட்டிக்கொள்கிறது

இங்கே தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கம். நல்ல பையன், நல்ல பையன்கள். இந்தியில் அடை மாறும், பிரெஞ்சில் மாறும். நமக்கு மாறாது, ஆங்கிலத்துக்கும் மாறாது. அப்படியிருந்தும் ‘எ ஃபைவ் இயர்ஸ் ஓல்ட் பாய்’ என்று எழுதுகிறோம், ஐந்து என்ற எண் ‘எஸ்’ கேட்பதால். பெயருக்கு முன்னால் அந்தக் கூட்டம் முழுவதும் ஒரே அடையாகிவிடுகிறது. ஆகவே ‘ஃபைவ் இயர் ஓல்ட் பாய்’, இடையில் சிறு கோடுகளோடு. பையனை முன்னால் வைத்துச் சொன்னால் ‘எஸ்’ திரும்பிவரும்: ‘தி பாய் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்’.

‘புவர்ஸ்’ என்பது வேறு கதை. ஏழை என்பது தமிழில் பெயர்ச்சொல், ஏழைகள் என்று பன்மையாகும். ‘புவர்’ பெயரடை. முன்னால் ‘தி’ போட்டால் போதும், அந்த மக்கள் அனைவரையும் குறித்துவிடும்: ‘தி புவர் ஆர்’ என்று பன்மை வினையோடு. ஒருவரைக் குறிக்க ‘எ புவர் மேன்’. ஆனால் உடற்குறையை வைத்து மனிதர்களை இப்படி ஒரே சொல்லில் அடைப்பதைத் தவிர்ப்பது நல்லது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ‘பெர்சன்ஸ் வித் டிஸெபிலிட்டீஸ்’ என்று ஆளை முன்னால் வைத்தே பேசுகிறது. அந்த வரிசை எனக்குப் பிடிக்கும்.

சிறு அறிகுறிகள் சில

‘அன் அஸ்லீப் சைல்ட்’ என்று எழுதினால் தவறு. ‘எ ஸ்லீப்பிங் சைல்ட்’. ‘அஸ்லீப்’, ‘அலைவ்’ இரண்டிலும் முன்னால் உள்ள ‘அ’ பழைய ஆங்கிலத்தின் ‘ஆன்’. உறக்கத்தில், உயிரில் என்று பொருள். வேற்றுமை உருபு ஏறிய சொல்போல இருப்பதால் பெயருக்கு முன்னால் உட்காராது. ‘இஸ்’ என்பதற்குப் பின்னால்தான் வரும். ‘அஃப்ரெய்ட்’, ‘அலோன்’ பிறந்த கதை வேறு என்றாலும் நடத்தை இதேதான்.

அடைகள் பல சேர்ந்து வந்தால் வரிசை குழம்புகிறதா? நம் கருத்து முதலில், பிறகு அளவு, பழமை, நிறம், ஊர், செய்பொருள்: ‘எ நைஸ் பிக் ஓல்ட் பிரவுன் வுடன் டேபிள்’. தமிழிலும் ‘பெரிய மர மேசை’ என்போமே தவிர ‘மரப் பெரிய மேசை’ என்பதில்லை. உங்கள் காதே பாதி வழிகாட்டும். மூன்றுக்கு மேல் அடை வந்தால் வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடுங்கள்.

அறிகுறி: பாராட்டினால் குறையாகக் கேட்கிறது

நண்பர் வீட்டுக்குப் போய் ‘யுவர் ஹவுஸ் இஸ் டூ பிக்’ என்கிறீர்கள். ‘ரொம்பப் பெரிசு’ என்று மகிழ்ந்து சொன்னதுதான். ஆனால் ‘டூ’ என்றால் அளவு மீறிவிட்டது என்று பொருள்: இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்பதுபோல் கேட்கும். தமிழின் ‘ரொம்ப’ இரண்டுக்கும் பொதுவானது. ‘ரொம்பச் சூடு’ என்றால் நன்றாகச் சூடாக இருக்கிறது என்றும் ஆகலாம், வாயில் வைக்க முடியவில்லை என்றும் ஆகலாம். ‘ரொம்ப’ இருக்கும் இடத்தில் ‘அளவுக்கு மீறி’ என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் ‘டூ’, பொருந்தாவிட்டால் ‘வெரி’.

அறிகுறி: ‘கொஞ்சம் உண்டு’ என்று எழுதினால் ‘இல்லை’ என்று புரிந்துகொள்கிறார்கள்

‘லிட்டில்’, ‘எ லிட்டில்’. ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’. அந்த ஓரெழுத்து ‘எ’ எதற்கு என்று என் மாணவர்கள் கேட்கும்போது நான் தமிழையே காட்டுவேன். ‘கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது’: கவலையில்லை, குடிக்கலாம். ‘கொஞ்சம்தான் தண்ணீர் இருக்கிறது’: பார்த்துச் செலவழிக்க வேண்டும். முதலாவது ‘எ லிட்டில் வாட்டர்’, இரண்டாவது ‘லிட்டில் வாட்டர்’. அதாவது ‘எ’ இல்லாத இடத்தில் நம் ‘தான்’ ஒளிந்திருக்கிறது. எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூ’. ‘ஐ ஹேவ் எ ஃபியூ ஃபிரெண்ட்ஸ்’: சில நண்பர்கள் இருக்கிறார்கள். ‘ஐ ஹேவ் ஃபியூ ஃபிரெண்ட்ஸ்’: ஒன்றிரண்டு பேர்தான்.

ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்த ஒரு மாணவி ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் டீச்சிங்’ என்று எழுதி என்னிடம் காட்டினார். இரண்டு ஆண்டுகளாகத் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டுத் திண்ணையில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். அனுபவம் உண்டு என்பதைச் சொல்லத்தான் அந்த வரியையே சேர்த்திருந்தார். கடிதமோ அனுபவம் கொஞ்சம்தான் என்று சொன்னது. ‘எ’ மட்டும் சேர்த்தாலே பொருள் நிமிர்ந்திருக்கும். நாங்கள் அதையும் விட்டுவிட்டு ‘டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று எண்ணிக்கையையே எழுதினோம்.